பதினெட்டாங்கட்டைக்கு வழி

சனிக்கிழமை காலை மணி 10.20. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, தர்வின் அம்மாவா? பயப்படாதீங்க. மகன் மோட்டர் சைக்கிள்ல விழுந்துட்டாரு. கால்லதான் அடி. நல்லா பேசுறாரு. போன் ஒடஞ்சிருச்சு, ஒங்க நம்பர அவரே சொன்னாரு."

"எங்க விழுந்தான்?"

"பதினெட்டாங்கட்டைல. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. நீங்க வந்துருங்க."

தர்வின் என் ஒரே மகன், பத்தொன்பது வயது. செமினியில் கல்லூரி, முதலாண்டு. அங்கேயே ஒரு புதுநகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அன்று நண்பர்களோடு உலு லங்காட்டில் அருவிக்குப் போவதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தான்.

உலு லங்காட்டில் ஒரு சிற்றூருக்குப் பெயரே பதினெட்டாங்கட்டை. மலாயில் பத்து லாப்பான் பெலாஸ் என்று சாலைப் பலகையிலும் போட்டிருக்கும். இந்த நாட்டுத் தமிழருக்கு மைல் என்பது கட்டை. மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வாய் மட்டும் மாறவில்லை. ஆகவே எனக்குச் சந்தேகம் எழவில்லை. கையில் மீன் வாடையோடு காரை எடுத்தேன்.

மணி 11.10. செராஸ் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பதினெட்டாங்கட்டையில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாசாரில், அதாவது சந்தையில், டுரியான் பழக் கடைகள் திறந்திருந்தன. விபத்து நடந்த ஊர் போலவே இல்லை. கிளினிக்கில் கேட்டேன், யாரும் வரவில்லை என்றார்கள். என்னை அழைத்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தேன். செல்வம் என்று பெயர் சொன்னார்.

"அண்ணே, நான் பதினெட்டாங்கட்டைக்கு வந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

"நானும் பதினெட்டாங்கட்டைலதான் நிக்கிறேன். ஒங்கள காணலயே."

"பாசார் முன்னால நிக்கிறேன்."

"இங்க ஏது அக்கா பாசார்? நீங்க எந்த ரோட்டுப் பதினெட்டுல நிக்கிறீங்க?"

"எத்தன பதினெட்டு இருக்கு?"

"ரோட்டுக்கு ஒண்ணு இருக்கும் லா! இது செமினி ரோட்டுப் பதினெட்டு. பழைய தோட்டம்."

சாலைகள் கோலாலம்பூரிலிருந்து விரல்களைப் போலப் பிரிந்து போகின்றன. ஒவ்வொரு விரலிலும் ஒரு பதினெட்டாவது மைல் இருக்கத்தானே செய்யும். ஐம்பது வருடம் இந்த ஊரில் வாழ்ந்தவளுக்கு அது தோன்றவில்லை.

"ஆம்புலன்ஸ்?"

"இன்னும் வரல."

உலு லங்காட்டிலிருந்து செமினிக்கு மலைவழியில் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். காடும் அணைக்கட்டின் நீரும் அழகானவை என்பார்கள். நீங்கள் நல்ல நாளில் போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வளைவுகளும், அருவிக்கு வந்தவர்கள் சாலையோரம் பாதிச் சக்கரம் உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிறுத்திய கார்களும்தான். ஒருவர் நடுச்சாலையில் நின்று பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கார்க் கண்ணாடியை இறக்கி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மணி 11.55. செமினி. பழைய ஊர் என்பது இரண்டு வரிசைக் கடைகள். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குன்றுகளை வெட்டிச் செம்மண்ணைத் திறந்து போட்டிருக்கிறார்கள். காஜாங் இந்தப் பக்கம் வீங்கி வருகிறது, அதற்கு அப்பாலிருந்து கோலாலம்பூர் தள்ளுகிறது. செல்வம் அனுப்பிய இடக்குறியைப் பின்தொடர்ந்தேன். அது என்னைக் காஜாங் சாலையில் திருப்பி, எனக்குத் தெரிந்த ஒரு நுழைவாயில் வளைவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. தர்வின் அறை எடுத்திருக்கும் அதே புதுநகரம்! அவன் அருவிப் பக்கமே போயிருக்கவில்லை.

வளைவில் மூன்று ஆங்கிலச் சொற்கள் பொன்னெழுத்தில் இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இலவச விளம்பரம் எதற்கு? உள்ளே ஓடாத நீரூற்று, பாதி காலியான கடைவீடுகள், ஒரு பபுள் டீ கடை, இரண்டு சலவைக் கடைகள். நடைபாதை திடீரென்று புல்லில் முடிந்துவிடும். பேருந்து கிடையாது. ஒவ்வொரு தெருவுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த பெயர், 7/3B என்பது போல. ஒரு காலத்தில் இந்த நிலம் முழுக்க ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்தின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஆம்புலன்ஸ் தாமதமானதற்கும் அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பதினெட்டாங்கட்டைத் தோட்டம் என்று செல்வம் சொன்னார். அப்படி ஓர் இடமே திரையில் இல்லை என்று மறுமுனையில் சொல்லிவிட்டார்கள்.

காவல்காரர் நேப்பாளி. என் அடையாள அட்டையை வாங்கி, எந்த வீட்டுக்கு என்று மலாயில் கேட்டார். மகன் அடிபட்டுக் கிடக்கிறான் என்றேன். "ஆமாம் அக்கா, வீட்டு எண்?" என்றார். தர்வினின் அறை எண்ணைச் சொன்ன பிறகுதான் தடுப்புக் கம்பு உயர்ந்தது. இந்தக் காவலை நம்பித்தான் இங்கே அறை பார்த்தோம்.

மணி 12.10. நகரத்தின் கடைசித் தெரு ஓர் இரும்புக் கேட்டில் முடிந்தது. ஆளுயரத்துக்கு மேல் உயரம், உச்சியில் ஈட்டிமுனைகள், நடுவில் என் மணிக்கட்டுப் பருமனில் சங்கிலி. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் விளக்கு சுழல நின்றது. அந்தப் பக்கம், இருபதடி தூரத்தில், பழைய தோட்டச் சாலையின் சேற்றில் என் மகன் கிடந்தான். யாரோ குடை பிடித்திருந்தார்கள்.

கேட்டின் தூணுக்கும் சிமெண்டுக் கட்டைக்கும் நடுவே மோட்டர் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. எல்லாரையும் போல அவனும் குறுக்கு வழி என்று அதன் வழியாகத்தான் போயிருக்கிறான். அப்பால் லோரிகள் கொட்டிப் போன மண்ணில் சறுக்கி, வண்டி காலின் மேல் விழுந்திருக்கிறது. நானும் அதே இடைவெளியில் நுழைந்து ஓடினேன்.

"திட்டாதம்மா," என்றான். உதடு வெளுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த மலாய்ப் பெண் இடைவெளி வழியாகவே வந்து காலுக்குப் பலகை கட்டிவிட்டிருந்தார். இடைவெளி குறுக்காகத் திரும்பியதால் நீளமான தள்ளுபடுக்கை அதில் நுழையவில்லை. கையில் தூக்கிக்கொண்டு போகலாமா, கேட்டுக்கு மேலாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். எலும்பு குத்திவிடும், கூடாது என்றார். அவனுடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: பாதம் குளிர்ந்து வருகிறது, நேரம் போகக் கூடாது.

"வேற வழி இல்லையா?"

"இந்த ரோட்டு மறுமுனையில பாலத்த ஒடச்சிட்டாங்க அக்கா," என்றார் குடை பிடித்திருந்தவர். அவர்தான் செல்வம், கிரில் கதவு செய்பவர். தோட்டம் விற்ற பிறகும் போகாமல் இருக்கும் ஏழு குடும்பங்களில் ஒன்று அவருடையது. "புதுப் பாலம் வருது, வருதுன்னு சொல்றாங்க. இப்ப பலகை மேல மோட்டர் மட்டும்தான் போகும். காருக்கு இந்த ஒரு கேட்டுதான். எங்க காரெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம், புதுநகரத்துக்குள்ளதான் நிறுத்துறோம். இங்க நிறுத்தக் கூடாதுன்னு தெனம் கண்ணாடில ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போவாங்க."

"எதுக்குப் பூட்டினாங்க?"

"திருட்டுப் போச்சாம். நாங்கதான் எடுத்தோம்னு நெனைக்கிறாங்க போல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு குடும்பங்களை உடைந்த பாலத்துக்கும் பூட்டிய கேட்டுக்கும் நடுவில் அடைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால்? ஒரு பெரியவருக்கு நெஞ்சு அடைத்தால்?

சாவி புதுநகர நிர்வாக அலுவலகத்தில் என்றார் கேட்டுக்கு அப்பால் நின்ற காவல்காரர். அலுவலகத்தில் ஆள் இல்லை, சனிக்கிழமை. வரச் சொல்லியிருக்கிறோம் என்றார். அருகே கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குழாயை நிறுத்தாமலே சொன்னார்: "வாட்சப் குரூப்ல போட்டுட்டேன் ஆன்டி. கமிட்டி பாத்துட்டாங்க, புளூ டிக் வந்துருச்சு." சற்றுப் பொறுத்து, "மூணு பேரு கும்பிடுற கை போட்டிருக்காங்க," என்றார்.

பிரிக்பீல்ட்ஸை இரைச்சல் என்பார்கள், நெரிசல் என்பார்கள். எங்கள் தெருவில் அடுத்தவன் காருக்குக் குறுக்கே கார் நிறுத்துவார்கள், உண்மைதான். ஹாரன் அடித்தால் வாயில் ரொட்டியோடு ஓடிவந்து எடுப்பார்கள். அங்கே வழியை மறிப்பவனுக்கு ஒரு முகம் உண்டு. இங்கே யாரிடம் போய்க் கத்துவது? கத்தினேன்தான். கேட்டைப் பிடித்து உலுக்கினேன். ஜன்னல் திரைகள் விலகின, பிறகு மூடிக்கொண்டன.

"அக்கா, தள்ளுங்க," என்றார் செல்வம். கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் இருந்தது. அதன் வயர் சேற்றில் நீண்டு அவர் வீடுவரை போயிற்று. "பூட்டுறதுக்குத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. தொறக்குறதுக்கு இதான் மொதல் தடவ."

"போலீஸ் வந்தா?"

"வரட்டும் லா. அவங்களும் இந்தக் கேட்டு வழியாத்தான வரணும்?"

மலாய்ப் பெண் தர்வினின் முகத்தைத் துணியால் மறைத்தார். பொறி பறந்தது. கார் கழுவியவர் இப்போது குழாயை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சங்கிலி அறுந்து விழ எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பாதத்தை இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு அந்தக் கால் இன்று அவனிடம் இருக்கிறது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று மருத்துவர் பிறகு சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மணி 12.40. படுக்கையை வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். நான் படியில் ஒரு கால் வைத்திருந்தேன். அப்போதுதான் அலுவலகத்து ஆள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நம் தமிழ்ப் பையன்தான், முப்பது வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாவிக்கொத்து. வண்டிக்குள் படுத்திருந்தவனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சங்கிலியைப் பார்த்தார், செல்வத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஆன்டி," என்றார், "யாரக் கேட்டு இந்தக் கேட்டத் தொறந்தீங்க?"