உள்கிணற்றுக் கயிறு

உங்கள் வீட்டுக் கிணற்றில் கடைசியாக இறங்கித் தூர் வாரியவன் யார்? அவன் பெயராவது தெரியுமா? வேலை முடிந்ததும், அதே கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடிக்க அவனை விட்டீர்களா? பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே, சாலையை விட்டு உள்ளே தள்ளி, பனைமரங்களுக்கு நடுவில் ஒரு கன்னியர் மடம் இருக்கிறது. வெள்ளானூர்ச் சேரியில் பிறந்த குப்பம்மா சிறு பிள்ளையாக அங்கே போய்ச் சேர்ந்தாள். வாந்திபேதி தாயையும் தகப்பனையும் ஒரே வாரத்தில் கொண்டுபோயிருந்தது. அண்ணன் முனியனைச் சித்தப்பன் வைத்துக்கொண்டான். பெண்ணை மடம் எடுத்துக்கொண்டது; ஞானஸ்நானம் கொடுத்து மார்த்தாள் என்று பெயரிட்டது. வேதத்தில் வரும் மார்த்தாள் வந்தவர்களுக்கு வேலை செய்து களைத்தவள். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மடத்துக்குள் சகோதரிகள் இரண்டு வகை. கோவிலில் எதிரெதிர் வரிசையாக நின்று லத்தீனில் சங்கீதம் பாடுகிறவர்கள் ஒரு வகை. உயர்ந்த சாதிக் குடும்பத்துப் பெண்கள். மாடு, துணி, விறகு என்று உழைக்கிறவர்கள் மற்றொரு வகை. இவர்களுக்குப் பாட்டுக் கிடையாது. சாணி வாரிக்கொண்டே பரலோக மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். கடவுளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடவுளுக்கு ஒன்றாயிருக்கலாம், கிணறு மட்டும் இரண்டு. கோவிலை ஒட்டிய உள்கிணறு பாடுகிறவர்களுக்கு. கொட்டகைக் கிணறு மாடுகளுக்கும் சேரியிலிருந்து வந்த சகோதரிகளுக்கும்.

குப்பம்மா அதைப் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே: சாகும்வரை மடத்துக்கே உரியவள் என்று கடவுள் முன் கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் வெள்ளை முக்காடு போய்க் கறுப்பு முக்காடு வரும். அதன்பின் அவளை வெளியே அனுப்ப மாட்டார்கள். செத்தால் மடத்துக் கல்லறையில் சகோதரிகளோடு ஒரு குழி உண்டு. வீடென்று ஒன்று இல்லாதவளுக்கு அதுவே வீடு. வரும் மாதா திருநாளில் வார்த்தைப்பாடு என்று முடிவும் ஆகியிருந்தது.

அந்தச் சித்திரையில் கொட்டகைக் கிணறு சேறாகிவிட்டது. பாடுகிற சகோதரி ஒருத்தி உள்கிணற்றில் இறைத்து, கொட்டகைச் சகோதரிகளின் குடத்தில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவாள். அதே நாட்களில், பாடுகிறவர்களில் மூத்தவளான சகோதரி அமலோற்பவம் விஷக்காய்ச்சலில் விழுந்தாள். தொற்றிக்கொள்ளும் என்று மற்றவர்கள் ஒதுங்க, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் குப்பம்மா. ஒரு பிற்பகல் எல்லோரும் கோவிலில் இருந்தபோது நோயாளி தண்ணீர் கேட்டாள். பானை காலி. இறைத்து ஊற்ற ஆளில்லை. நாக்கு வறண்டு மறுபடியும் கேட்டாள். குப்பம்மா ஓடிப்போய் உள்கிணற்றின் கயிற்றைப் பிடித்தாள்.

அமலோற்பவம் இரண்டு செம்பு குடித்தாள். "ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார், மார்த்தாள்" என்றாள்.

கோவிலிலிருந்து வந்தவர்கள் கண்ணில் ஈரக் கயிறு பட்டது. மறுநாளே கிணற்றை இறைத்துத் தூர் வார உத்தரவாயிற்று. உத்தரவிட்ட மடத் தலைவி, பெரிய தாயார், கடல் கடந்து வந்த வெள்ளைக்காரி. சாதி அவர் ஊர்ச் சரக்கன்று. ஆனால் பாடும் பெண்களை அவர்கள் குடும்பங்கள் திரும்ப அழைத்துக்கொள்ளுமே என்று அஞ்சினார். நாட்டு வழக்கம் என்று சொல்லித் தம் மனச்சாட்சியைத் தூங்க வைத்தார்.

ஊரெல்லாம் ஒரு குடம் தண்ணீருக்கு அலைந்த கோடையில் நல்ல தண்ணீரை வாளி வாளியாக மணலில் கொட்டினார்கள். அடிச் சேற்றை வார உள்ளே இறங்க ஆள் வேண்டுமே? மடத்தில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வெள்ளானூர்ச் சேரிக்குப் போய் அழைத்துவந்தது முனியனை.

முனியன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "இன்னா சாமி, தண்ணி நல்லாத்தானே கீது? இன்னாத்துக்கு இத்தக் கொட்றீங்க?"

"தீட்டாயிடுச்சுடா. கொட்டகைப் பொண்ணு கயித்தைத் தொட்டுட்டா."

"யாரு, எங்க குப்பம்மாவா?"

உபதேசியார் அடுத்த வாளியைக் கீழே இறக்கினார்.

"தங்கச்சி மேல நின்னுகினு கயித்தைத் தொட்டா தீட்டு. அண்ணங்காரன் உள்ள முழங்கால் சேத்துல நின்னா சுத்தம். நல்லாகீது சாமி உங்க நாயம்! ஒரு முழுக்கும் போட்டுட்டு வரட்டா, இன்னும் சுத்தமாவும்?"

"வாயாடாம வாருடா!"

வெள்ளிதோறும் மடத்தில் ஒரு கூட்டம் உண்டு. ஒவ்வொருத்தியும் நடுவில் முழந்தாளிட்டு, எல்லோர் முன்னும் தன் குற்றங்களைச் சொல்லித் தரையை முத்தமிட வேண்டும். குப்பம்மாவின் முறை வந்தது.

"மௌன நேரத்துல பேசினேன், என் குத்தம். நடக்காம ஓடினேன், என் குத்தம்."

"கிணறு?" என்றார் தாயார்.

அவள் தரையை முத்தமிடக் குனிந்தாள்.

"கிணற்றை அசுத்தப்படுத்தினேன், என் குற்றம். இவ்வளவுதான் மகளே. சொல்லிவிடு. திருநாளில் உனக்கு வார்த்தைப்பாடு."

"தாகம்னவங்களுக்குத் தண்ணி குடுத்தேன் தாயே. அத்தப் போயி குத்தம்னு சொன்னா அது பொய்யி. பொய்யி பாவம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அடுத்த வெள்ளியும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த முறை கேட்டபோது, காய்ச்சல் தெளிந்த அமலோற்பவமும் போர்வை சுற்றிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குப்பம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தண்ணீர் இறங்கிய தொண்டை ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அமலோற்பவம் குனிந்தபடி ஜெபமாலை உருட்டினாள்.

திருநாளுக்கு முன்பே முக்காட்டைக் கழற்றி, ஒரு பழைய சேலையைக் கொடுத்து, குப்பம்மாவைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். மடத்து வழக்கப்படி கத்தரித்த தலையோடு வந்தவளைத் தாலியறுத்தவள் என்று நினைத்தார்கள் சேரிப் பெண்கள்.

"வா," என்றான் முனியன். "இங்க ஒரே கெணறுதான் கீது. அதுலயும் தண்ணி இல்ல."

செங்கற்சூளையில் மண் சுமந்தாள். சுமக்கும்போதும் பரலோக மந்திரத்தை முணுமுணுத்தாள். சேரிக்குக் குட்டைத் தண்ணீர்தான் கதி. அடுத்த கோடையில், பெற்றோரைக் கொண்டுபோன அதே வாந்திபேதி அவளையும் கொண்டுபோயிற்று. "மடத்துக் குழியில வையி அண்ணே" என்று அவள் கேட்டிருந்தாள். முனியன் மடத்துக்கு ஓடினான்.

"வெளிய போனவளுக்கு உள்ள குழி கிடையாது" என்றார் உபதேசியார்.

கிணற்றில் இறங்கிய மண்வெட்டியாலேயே சேரி இடுகாட்டில் அவன் அவளுக்குக் குழி வெட்டினான். மடத்தில் அன்று மாலையும் சங்கீதம் பாடினார்கள்.

இது வேதக்காரர் சங்கதி என்று சிரிக்கிற இந்துப் பெருமக்களே, மடத்துக்கு அந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது உங்கள் ஊர்க் கிணறு. கிறிஸ்தவர்களே, அதைக் கற்றுக்கொள்ளவா உங்கள் ஆண்டவர் சிலுவையில் தாகமென்று கேட்டார்?

இந்தக் கோடையில் உங்கள் கிணற்றுக்கும் தூர் வார ஒருவன் வருவான். அவன் சேற்றோடு மேலே ஏறியதும் கயிற்றை அவன் கையில் கொடுங்கள். அவன் இறைக்கும் முதல் வாளித் தண்ணீரை, அண்டைவீட்டார் பார்க்க, வாங்கிக் குடியுங்கள்.