கழன்றுகொள்வதற்கு ஆங்கிலத்தில் என்ன?

“மேடம், பேக் ஆஃப்!”

போன வாரம் காலையில், பூதப்பாண்டிப் பக்கம், ஒரு டிப்பர் லாரியின் முன்னால் நின்றபோது காதில் விழுந்த ஆங்கிலம் இது. சொன்னவன் அங்கே பிளாட் போடுகிறவர்களின் சூப்பர்வைசர். கல்ஃபில் இருந்து வந்தவனாம். சொன்னது எனக்கல்ல... என் சித்தி மகள் லீலாவுக்கு.

லீலாவின் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைச் செம்மண் கொட்டி மூட வந்திருந்தார்கள். அவள் வயலுக்கு மட்டுமா அது வாய்க்கால்? தெருவில் பாதிப் பேர் அதை நம்பித்தான் நடவு செய்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். லாரியை மறிப்பதென்று முடிவானது. “எனக்க நெஞ்சில ஏத்திட்டுப் போட்டும், பாப்போம்!” என்று பெரிய சத்தம் போட்டவர் பக்கத்து வீட்டு சுயம்பு அண்ணன்.

விடிந்தது. ஒருவருக்கு நாகர்கோவிலில் கல்யாணம். இன்னொருவர் வீட்டில் பேத்திக்குக் காய்ச்சல். சுயம்பு அண்ணனுக்கு மூட்டுவலி.

லீலா மட்டும் நின்றாள். துணைக்கு நான் — வயலே இல்லாதவள்!

“அக்கா, அவன் என்னவாக்கும் சொல்லுகான்?”

“பின்னால போகச் சொல்லுகான்.”

“நான் எதுக்குப் போவணும்? மண்ணு கொட்ட வந்தவன் போட்டும்!”

ஆங்கிலத்தில் பின்வாங்குவதிலும் வகை உண்டு. மிரட்டலுக்கு விலகினால் ‘பேக் ஆஃப்’. பிடித்த பிடியிலிருந்து இறங்கிப்போனால் ‘பேக் டவுன்’. வாக்குக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொண்டால் ‘பேக் அவுட்’. முதல் இரண்டுக்கும் எதிரே யாராவது வந்து நிற்க வேண்டும். மூன்றாவதற்கு எதிரியே தேவையில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே செய்துவிடலாம்!

கொஞ்ச நேரத்தில் தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி பைக்கில் வந்தார். லீலா சொன்னதை எல்லாம் கேட்டார்.

“வேற யாரும்மா புகார் சொல்றாங்க?”

லீலா தெருவைத் திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த ஒரே ஜன்னலும் சாத்திக்கொண்டது.

“ஒரு ஆளு மட்டும்னா... மனு எழுதிக் குடுங்க, பாக்கலாம்.” பைக் கிளம்பிவிட்டது.

லாரியும் கிளம்பியது. சுற்றிப்போய், சுயம்பு அண்ணனின் வரப்பை உடைத்து இறங்கி, வாய்க்காலின் மேல்பக்கத்தில் மண்ணைக் கொட்டியது. நாங்கள் ஓடினோம். அதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது. இரண்டு பெண்கள் எத்தனை இடத்தில்தான் நிற்பது?

அன்று லீலா அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

நேற்று சுயம்பு அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். நாற்று காய்கிறதாம்.

“மக்கா, கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். நீ முன்னால நில்லு. நாங்க எல்லாரும் உனக்க பின்னால உண்டு, கேட்டியா?”

லீலா அவருக்குக் காப்பி கொடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

“போவோம் அண்ணே. இந்தத் தடவ நீங்க முன்னால நடங்க. நான் பின்னால வாறேன்.”

அண்ணன் இன்னும் தன் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.