அவருக்கு மட்டும் கேட்ட ஓசை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. கணவருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள் இருவரும் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டதால் மாடி அறையை ஹோம் ஸ்டேயாக மாற்றியிருந்தோம். சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். இனி யாரும் வரமாட்டார்கள் என்று கம்பளிகளை மடித்து உள்ளே வைத்த பிறகுதான் அவர் வந்து இறங்கினார்.

பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். பெரிய வயலின் வித்வான். மார்கழியில் அவர் கச்சேரிக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்பார்கள். அவர் வாசிப்பை ரேடியோவில் கேட்டுக்கொண்டே எத்தனையோ நாள் குழம்பு தாளித்திருக்கிறேன். அந்த மனிதர் ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பைதான் இருந்தது. வயலின் இல்லை.

"நான் இங்கே இருக்கறது யாருக்கும் தெரிய வேண்டாம்மா. கொஞ்ச நாள் அமைதியா உட்காரணும். அவ்வளவுதான்" என்றார்.

முதல் வாரம் அதிகம் பேசவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது தானாகவே சொல்ல ஆரம்பித்தார். மனைவி இறந்த பிறகு அவருக்குள் ஓர் ஓசை கேட்கத் தொடங்கியதாம். தம்பூராவை யாரோ மீட்டிக்கொண்டே இருப்பது போல, நிற்காமல். அது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் கச்சேரிகளை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். கங்கைக்கரையில் ஓர் ஆசிரமத்தில் அதைப் பிரணவம் என்றார்களாம். குருத்வாராவில் தங்கி அதிகாலைப் பாட்டுக் கேட்டிருக்கிறார். தர்காவில் பக்கீர்களோடு உட்கார்ந்திருக்கிறார். சமண முனிவர்களோடு வெறுங்காலில் நடந்திருக்கிறார். கர்நாடகப் பக்கம் ஒரு புத்த மடத்திலும் சில மாதங்கள்.

"எல்லாரும் ஒவ்வொரு பேர் சொன்னாங்கம்மா. ஆனா எல்லாரும் ஒரே ஓசையைத்தான் சொல்றாங்க. யாரும் தட்டாம, மீட்டாம, தானா எழுற ஓசை."

"வயலின் வாசிக்கறதே இல்லைங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்தா சுருதி சேரமாட்டேங்குது. என்ன முறுக்கினாலும் பிசிறடிக்குது. வெளியில கேட்டது போதும், உள்ளே கேளுன்னு உத்தரவாயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

எனக்கு மெய்சிலிர்த்தது. இப்பேர்ப்பட்டவர் தங்குகிற வீட்டில் அசைவம் கூடாது என்று கணவருக்கு மீன் குழம்பைக்கூட நிறுத்திவிட்டேன்.

ஆனால் அவரைப் பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தியது. மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்குவார். முற்றத்தில் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போவார். காபி டம்ளர் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. சில நேரம் நான் பேசினால் பதில் வராது. தியானத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று விலகிவிடுவேன். விலகினாலும் மனசு அடங்காது. மாடியில் கட்டில் சத்தம் கேட்டால் விழுந்துவிட்டாரோ என்று ஓடுவேன். கணவரிடம் சொன்னபோது அவர் கையை விரித்தார்.

"அது பெரிய மனுசங்க சமாச்சாரம். நாம எதுக்கு அதுல போயி தலையைக் குடுக்கோணும்? வயசாச்சு, தள்ளாடறாரு. அவ்வளவுதான்."

தினமும் மதியத்துக்கு மேல் அவர் தோட்டத்துக்குள் போய், பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு பாறையில் கண்ணை மூடி உட்காருவார். அந்தப் பக்கம் காட்டெருமை வரும், மூடுபனி இறங்குவதற்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அன்று பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. அவர் வரவில்லை. ஒரு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில், கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா மேல் வரிசையிலிருந்து கையை ஆட்டினார். இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எனக்குப் பல வருடப் பழக்கம்.

"அங்கிட்டுப் போகாதீங்கம்மா! ஒத்தை மாடு நிக்குது!"

ஒத்தை மாடு என்றால் கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் காட்டெருமை. பாறைக்கு இடது பக்கம் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். பனிக்குள் பாறை மங்கலாகத் தெரிந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கம், பத்தடி தூரம்கூட இருக்காது, தேயிலைச் செடிகளுக்கு மேலே கறுப்பாக அந்த முதுகு. அது தலையைத் தூக்கி ஒரு முறை சீறியது. லாரிக்கு ஏர் பிரேக் போட்ட மாதிரி சத்தம். அவர் திரும்பவே இல்லை.

"ஐயா!" என்றேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். மாடு என் பக்கம் காதைத் திருப்பியது. அவர் திரும்பவில்லை. இன்னும் கத்தினால் மிரண்டு பாயும். கத்தாவிட்டால் அவருக்குத் தெரியாது.

கொழுந்து பறிக்கும் அம்மா என் கையைப் பிடித்து மேல் வரிசை வழியாகச் சுற்றி இழுத்துக்கொண்டு போனார். செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து, சேலையெல்லாம் கிழிய, பாறைக்கு வலது பக்கம் வந்தோம். மூச்சு வாங்கியதில் எனக்குக் குரலே எழவில்லை.

"ஐயா..." என்றேன். எனக்கே கேட்டிருக்காது.

அவர் உடனே கண்ணைத் திறந்து, "என்னம்மா?" என்றார்.

அவ்வளவு கத்தியும் திரும்பாதவருக்கு அந்த முணுமுணுப்பு கேட்டதுதான், அந்த நிமிடத்தில் மாட்டைவிட என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

பேசாதீர்கள் என்று சைகை காட்டி அவர் கையைப் பிடித்தேன். எழுந்தவர் தடுமாறி என் மேலேயே சரிந்தார். மாடு ஓர் அடி முன்னால் வைத்து, முன்னங்காலால் மண்ணைக் கிளறியது. நாங்கள் இரண்டு பேரும் அவரைத் தாங்கிக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டாமல், அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தோம். மாரியம்மா, மாரியம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பனி அடர்ந்து அதை மறைத்த பிறகும் அது வருகிறதா, நிற்கிறதா என்று தெரியாமல் வந்த அந்தக் கொஞ்ச தூரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு உதறுகிறது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் முகத்திலோ அப்படி ஒரு சந்தோஷம்.

"பார்த்தீங்களாம்மா? அவ்வளவு பக்கத்துல நின்னும் அது என்னை ஒண்ணும் செய்யல. அந்த ஓசைதான் காப்பாத்தியிருக்கு."

அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். ஒருவர் கடவுள் என்று நினைத்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பதைப் போய் அது வியாதியாக இருக்கும் என்று சொல்ல நான் யார்? நான் சொல்வது தப்பாக இருந்தால்? சரியாக இருந்து, நான் சொல்லாமல் விட்டால்?

காலையில் அவர் சாப்பிடும்போது இடது பக்கம் நின்று, "இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா?" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கம் போய் மெதுவாகக் கேட்டேன். "போதும்மா" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏனுங்க ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு இடது காது கேக்குதுங்களா?"

அவர் முகம் மாறியது. "யார்கிட்ட என்ன கேக்கறோம்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க. நேத்து அந்த மாடு சீறுனது மேல் வரிசை வரைக்கும் கேட்டுச்சு. நான் தொண்டை கிழியக் கத்துனேன். உங்களுக்குக் கேக்கலைங்க. நடக்கறப்பவும் சாயறீங்க. பயமா இருக்குதுங்க. ஒருக்கா டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்க."

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். மாடிக் கதவு தாழ் போடும் சத்தம் கேட்டது. சாதுவை அவமானப்படுத்திவிட்டேன், பாவத்தைக் கொட்டிக்கொண்டேன் என்று சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் இறங்கவில்லை. கதவைத் தட்டவும் தைரியம் இல்லை.

சாயங்காலம் மேலிருந்து தம்பூரா கேட்டது. அவர் செல்போனில் வைத்திருந்த சுருதி. வந்த நாளிலிருந்து அதை அவர் போட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கேட்கும், நிற்கும். மறுபடி கேட்கும், நிற்கும். போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தபோது, மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கோயம்புத்தூர்ல நல்ல டாக்டர் யாரும்மா?"

மறுநாள் கணவர் லீவு போட்டுக் காரை எடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றி, இரண்டு இடத்தில் நிறுத்தினோம். ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் இன்னும் வளர விட்டால் மூளையை அழுத்தி உயிருக்கே ஆபத்தாகும் என்றார் டாக்டர். காது கேட்காதது, தள்ளாட்டம், சுருதி பிசிறடித்தது, அந்த ஓசை, எல்லாம் அதனால்தான் என்றார். அந்த ஓசையிலேயே லயித்திருந்ததால் இடது பக்கத்துச் சத்தம் வலது காதுக்கும் எட்டாமல் போயிருக்கும் என்றார். வித்வான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தார்.

வெளிநாட்டிலிருந்து வித்வானின் மகன் வந்து அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனார். அதன் பிறகு தகவல் இல்லை. ஆபரேஷன் ஆனதா, பிழைத்தாரா, எதுவும் தெரியாது. பேப்பரைப் பிரிக்கும்போதெல்லாம் இறந்தவர்கள் செய்தியில் அவர் படம் இருக்குமோ என்று முதலில் தேடுவேன்.

தை மாதம் போன் வந்தது. அவரேதான்.

"பிழைச்சுக்கிட்டேம்மா. இடது காது திரும்ப வராதுன்னுட்டாங்க. வயலினை எடுத்திருக்கேன். ஒரு காதை வச்சுக்கிட்டு சுருதி சேர்க்கக் கத்துக்கிட்டு இருக்கேன், முதல் பாடம் மாதிரி."

கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்டே விட்டேன். "அந்த ஓசைங்க ஐயா?"

சிரித்தார்.

"இன்னும் கேக்குதும்மா. அது போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்பல்லாம் அதுக்கு அர்த்தம் என்னன்னு நான் யார்கிட்டயும் கேக்கறதில்லை."

அவர் தேடியது கிடைத்துவிட்டதா, கைவிட்டுப் போய்விட்டதா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தனை நாள் என் வாயைக் கட்டிப்போட்டிருந்ததற்கு நான் மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன், அது வெறும் பயம்தான் என்பது. இன்றைக்கும் யாரைப் பற்றியாவது மனசு உறுத்தினால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன், குரல் நடுங்கினாலும்.