கண்ணாடி மேஜையின் முதுகு

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் போர்டுக்காரி. ஏணியில் ஏறி போர்டு மாட்டுகிறவன் புருஷன். நாலு பேரிடம் சிரித்துப் பேசி வேலை பிடிக்கிறவனும், ஸ்டிக்கரில் எழுத்து வெட்டுகிறவனும் அவன்தான். தகரத்தை மடக்கிப் பெட்டி அடிப்பது, உள்ளே டியூப்லைட் பொருத்தி ஒயர் இழுப்பது அவள் பாகம். அப்படியிருந்தும் பட்டப்பெயர் அவளுக்குத்தான் ஒட்டியது. தாங்கள் மாட்டிய போர்டை மறைத்து எவனாவது வண்டியை நிறுத்தினால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் அவள் அல்லவா!

மருந்துக்கடை மாடியில் அவன் போர்டு மாட்டும்போது ஏணி சறுக்கியது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை. கிள்ளினாலும் தெரியாது, ஊசி ஏற்றினாலும் தெரியாது. சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், தண்ணீர் கேட்பதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் திறந்தான். “பட்டறையை யாருக்காவது குடுத்துடு.”

“குடுத்துட்டு?”

“குடுத்துட்டு நீ எங்கயாவது நிம்மதியா இரு. நான் எதுக்கு? சோத்துக்குக் கேடு.”

நடக்கிறான், நடக்கவில்லை, அது போகட்டும். இவன் உயிரோடு இருக்க வேண்டுமென்று இவனுக்கே தோன்ற வேண்டுமே, அதற்கு எந்த டாக்டரிடம் போவது? கை இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பட்டறைக்குள் போனவள், பழைய மேஜையைப் பார்த்து நின்றுவிட்டாள். நின்றுகொண்டு வேலை செய்கிற உயரம். ஒட்டுப்பலகை மேல் வருஷக்கணக்காகக் கத்தி கீறிய தடங்கள். வெட்டும்போது பிளேடு பழைய தடத்தில் இறங்கினால் எழுத்து கோணிக்கொள்ளும். “கண்ணாடியில ஒரு டேபிள் போடணும், அடியில லைட் எரியணும், காகிதத்துல வரைஞ்சது அப்படியே மேல தெரியணும், கோடு மாறாம வெட்டணும்” என்று அவன் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லிக்கொண்டே இருந்தான், அவ்வளவுதான்.

அவனிடம் மூச்சு விடாமல் வேலையை ஆரம்பித்தாள். மூடிப்போன ஒரு துணிக்கடையின் கண்ணாடிக் கதவைக் கண்ணாடிக்கடைக்காரர் கொடுத்தார்.

“இது டஃபன் கண்ணாடிம்மா. ஒரு இஞ்ச் வெட்டணும்னு நினைச்சாலும் மொத்தமும் பொடிப்பொடியாப் போயிடும்.”

“கண்ணாடிக்கு ஏத்த மாதிரி சட்டத்தை வெச்சுக்கறேண்ணே. ஆளையே அப்படித்தானே வெச்சிருக்கேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கழற்றிப் போட்ட பழைய போர்டுகளின் இரும்புச் சட்டங்களை கிரில் பட்டறையில் கொடுத்து நாலு காலாக ஒட்டி வாங்கினாள். அவன் தூங்கும்போது சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கைப்பிடி உயரத்தை டேப்பில் பார்த்தாள். முட்டி நுழைய இடம் வேண்டுமே, அதற்கும் அளவெடுத்தாள். தகரத்தில் ஆழமில்லாத பெட்டி, உள்ளே வெள்ளை பெயிண்ட், வரிசையாக டியூப்லைட், மேலே கண்ணாடி. சும்மா சொல்லக் கூடாது, ஒளி ஒரே சீராக, பால் ஊற்றிய மாதிரி வந்தது. எங்கேயும் ஒரு கறுப்புத் திட்டு இல்லை.

திட்டு விழாததற்குக் காரணம் சோக்கு. டியூப்லைட்டுக்கு ஒரு சோக்கு வேண்டும், இரும்புக்கட்டி மாதிரி இருக்கும், எரிய எரியச் சூடேறும். அதைப் பெட்டிக்குள் வைத்தால் போர்டின் முகத்தில் நிழல் விழுந்துவிடும். அதனால் போர்டு வேலை தெரிந்த எவரும் சோக்கைப் பெட்டிக்கு வெளியே, முதுகில்தான் முடுக்குவார்கள். முதுகு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், யார் தொடப்போகிறார்கள்? எத்தனையோ போர்டுக்கு அப்படித்தான் முடுக்கியிருக்கிறாள். இதற்கும் அப்படியே முடுக்கினாள். போர்டைப் படுக்க வைத்தால் மேஜை, அவ்வளவுதானே! படுக்க வைத்த போர்டின் முதுகு எங்கே பார்க்கும் என்று அந்தப் பாவி மகளுக்குத் தோன்றவே இல்லை. முகத்தைப் பார்த்தே பழகிய கண்.

காலையில் அவனை உருட்டிக்கொண்டு போய் மேஜைக்கு முன்னால் நிறுத்தி சுவிட்சைப் போட்டாள். அவன் முகத்தில் வெளிச்சம் அடித்தது. கண்ணாடியை உள்ளங்கையால் தடவினான். பிறகு தானே சக்கரத்தைத் தள்ளி, முட்டி உள்ளே போகுமளவு நெருங்கி உட்கார்ந்தான்.

“பிளேடு சீக்கிரம் மொண்ணையாயிடுமே, கண்ணாடி தின்னுடும்.”

“தின்னா தின்னுட்டுப் போகுது. பெட்டி பெட்டியா வாங்கித் தர்றேன், வெட்டுங்க.”

வெட்டினான். யாரோ கேட்டு நாளாகிக் கிடந்த ஒரு சலூன் போர்டின் எழுத்துகளை எடுத்து வைத்துக்கொண்டான். பிளேடு வழுக்கிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான். அவள் பின்பக்கம் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

“ஏய், என்னமோ கருகுது பாரு.”

“பழைய சோக்குங்க. தூசி எரியுது, போயிடும்.”

“அதானே!”

நாளாகிக் கிடந்த சோக்கை முதலில் எரியவிட்டால் வாடை வரும், அது இருவருக்கும் அத்துப்படி. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்து வர மனமில்லை என்றான். எழுந்து என்று அவனே சொல்லிவிட்டு, அவனே அதற்குச் சிரித்தான். தட்டை மேஜைக்கே கொண்டு வந்து, எழுத்தில் கறை படாமல் அவளே பிசைந்து ஊட்டினாள். அவன் சாயங்காலம் வரை அசையவில்லை.

விளக்கை அணைத்து நாற்காலியைப் பின்னால் இழுத்தபோது வலது முட்டிக்கு மேல் பேண்ட் துணி பழுப்பாக இருந்தது. பசையோ என்று விரலால் தொட்டாள். துணி காலோடு ஒட்டியிருந்தது.

“என்ன பாக்குற?” என்றான் அவன், இன்னும் சிரித்த முகத்தோடு.

அவள் வாசலுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். “எவ்வளவு நேரம் சூடு பட்டுச்சு?”

“நாள் பூரா,” என்றாள்.

“யாருமே கவனிக்கலையா?”

பதில் சொன்னது அவன்: “நான்தான் சார் நகர மாட்டேன்னு உட்கார்ந்திருந்தேன்.”

எலும்பு வரை வெந்திருந்தது. புண் ஆறுகிற மாதிரி போக்குக் காட்டியது, பிறகு சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது. கடைசியில் தொடையோடு காலை எடுத்துவிடலாம் என்றார்கள். கையெழுத்துப் போட்டது அவள்.

“அழாத. இருந்தும் இல்லாத கால்தானே,” என்றான் அவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “அந்த டேபிளை உடைச்சுத் தொலைச்சிடாத. அங்க ஒரு நாள் நான் மனுஷனா இருந்தேன்.”

உடைக்கத்தான் இருந்தாள். சுத்தியலை எடுத்துக்கொண்டுதான் பட்டறைக் கதவைத் திறந்தாள். ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டு, சூடேறும் வரை காத்திருந்து, காலியாகக் கிடந்த அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் மாதிரியே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முட்டியில் சோக்கு பட்டது. ஐயோ என்று அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். நாற்காலி சுவரில் போய் இடித்தது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட அவளால் தாங்க முடியவில்லை. அதில் அவனை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, சோறும் ஊட்டியிருக்கிறாள்!

சோக்குகளைக் கழற்றி, ஒயரை நீட்டி, சுவரில் ஆள் உயரத்துக்கு ஏற்றி முடுக்கினாள். இப்போது மேஜைக்கு அடியில் வெறும் தகரம், அதையும் மூடி ஒரு தடித்த பலகை. அவன் திரும்பி வந்துவிட்டான். பாட்டு பழைய மாதிரி வருவதில்லை, ஆனாலும் எழுத்து நேராக விழுகிறது. வேலை நடுவே அவள் வந்து மேஜைக்கு அடியில் கையை விட்டு, பலகையைத் தடவி, மிச்சமிருக்கிற முட்டியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

“அங்க என்ன தேடுற?” என்று கேட்கிறான்.

“ஒண்ணுமில்லங்க.”

கையை எடுத்துவிட்டுப் போகிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்துவிடுகிறாள்.