உள்ளதை எழுதிய சரோஜா

போன ஞாயிறு காலை, அடையாறு பள்ளி மைதானத்தில் கீரைக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இடத்துக்குச் சரோஜாவின் வண்டி வரவில்லை. அவள் மகள் மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள். "அம்மா நேத்து போயிடுச்சி தாத்தா. நெஞ்சு வலி" என்றாள். கையிலிருந்த கூடையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் ஞாயிற்றுச் சந்தைக்கு வருகிறவர்களுக்குச் சரோஜாவைத் தெரியும். திருப்போரூர்ப் பக்கம் தான் விளைவித்த கத்தரியையும் வெண்டையையும் விற்றவள். எழுபது வயதுக்கு மேல் எழுதக் கற்றவன் நான். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அவள் பெயரை என் கையால் எழுத முடிகிறதே என்று துக்கத்திலும் ஒரு சந்தோஷம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவள் பயந்த சுபாவம். கத்தரிக்காயில் ஒரு ஓட்டை தெரிந்தால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவாள். "பயந்து பயந்து வித்தா யாரு வாங்குவாங்க?" என்று கேலி செய்வேன். "நான் மறைச்சா வூட்ல போய் அறுக்கும்போது என்னத்தான திட்டுவாங்க? யாவாரத்துல பயம் இருக்கணும்ணே" என்பாள். பத்து மணிக்குள் அவள் கூடை காலியாகிவிடும். என்னுடையது பதினொன்று வரை வாடும்.

இந்தச் சந்தையில் சொந்தமாக விளைந்ததை மட்டுமே விற்கலாம். எந்த ஊரில் விளைந்தது என்று சிலேட்டில் எழுதி வைக்க வேண்டும். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. வாராவாரம் அவள்தான் எழுதித் தருவாள்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு, பெரும்பாக்கத்துக்கு அப்பால் நான் குத்தகைக்கு எடுத்த நிலம் முழுகிவிட்டது. சந்தைக்குப் போகாவிட்டால் என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். கோயம்பேடு மொத்தச் சந்தையில் கீரை வாங்கினேன். ரப்பர் பேண்டுகளைக் கழற்றிவிட்டு, எப்போதும் போல வாழைநாரில் கட்டினேன்.

சரோஜா ஒரு கட்டை எடுத்து வேரைத் தடவினாள். "இன்னாண்ணே, உன் கீரைல களிமண்ணு ஒட்டிக்கினு இருக்கும். இது மணலா கீது."

"கோயம்பேடு. சத்தம் போடாத. எப்பவும் போல எழுதிடு."

சாக்பீஸ் பிடித்த அவள் கை நடுங்கியது. "பொய்ய என் கையால எழுத மாட்டேன்ணே. பயமா கீது."

"எனக்கு மட்டும் பயமில்லையா? இடம் பூடும்."

"பூடும்தான். உள்ளத எழுதட்டா?"

ஜனங்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். தலையாட்டினேன். அவள் எழுதியதை எனக்குப் படிக்கத் தெரியாது. வந்தவர்களின் முகத்தைத்தான் படித்தேன். நடைப்பயிற்சி முடித்து வந்த ஒருவர், "இதுக்கு நான் கோயம்பேட்டுக்கே போயிடுவேனே பெரியவரே" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். மயிலாப்பூர் மாமி ஒருவர் இரண்டு தடவை படித்தார். "வெளியில வாங்கினதுன்னு யாராவது எழுதி வைப்பாளோ? சரி, ரெண்டு கட்டு குடுங்கோ" என்றார்.

பிறகு சந்தைப் பொறுப்பாளர் வந்தார். சிலேட்டைப் பார்த்தபடி நின்றார். "உங்க தோட்டம் திரும்ப முளைக்கிற வரைக்கும் வராதீங்க" என்றார்.

சரோஜா எழுந்தாள். அவரிடம் பேசவே பயப்படுகிறவள். "அண்ணன் இடத்துல நான் கூடைய பரப்பிக்கிறேன் சார். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். ஐந்து ஞாயிறு அவள் தன் காய்களை இரண்டு இடத்துக்கும் பரப்பி வைத்தாளாம்.

புதுக்கீரையோடு நான் திரும்பிய அன்று, அந்த மாமி நேராக என்னிடம் வந்தார். கூடை பத்து மணிக்கே காலி. சரோஜா சாக்பீஸை என் கையில் திணித்தாள். "இனிமே நீயே எழுதுண்ணே. உனக்கும் சேத்து பயப்பட என்னால ஆவாது." அடுத்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது என் சிலேட்டை நானே எழுதுகிறேன். எழுதும்போது கை நடுங்குகிறது. வயது என்கிறான் மகன். ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று, இது உண்மைதானா என்று கூடையைத் திரும்பிப் பார்க்கிறேன். அந்தப் பயம் சரோஜாவுடையது. அதை நான் வைத்துக்கொண்டேன்.