டீச்சரின் வழவழத் தொப்பி

தையல்கடை மாடியில் பின்னல் வகுப்பு நடத்தும் டீச்சருக்கு அரைகுறை ஞானம்தான். அலட்டல் மட்டும் ஆகாசத்தைத் தொடும். ஊசியைத் திருப்பித் திருப்பி எல்லா வரியும் நேர்ப்பின்னலாகவே பின்னும் மஃப்ளருக்கான குறிப்பை எங்கிருந்தோ எடுத்து, வட்ட ஊசியில் தொப்பி பின்ன வகுப்பில் இருந்த எட்டுப் பேருக்கும் கொடுத்தார். வரி வரியாக மேடு எழும்ப வேண்டிய எட்டுத் தொப்பிகளும் வழவழவென்று வந்தன. கை சரியில்லை என்று எட்டுப் பேரையும் ஏசி, மூன்று முறை பிரிக்க வைத்தார்.

அவர்களில் ஒருவரான பஸ் கண்டக்டர் அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், வட்டமா பின்றப்ப நாம திருப்பறதே இல்லையே. ஒரு சுத்து நேர்ப்பின்னல், அடுத்த சுத்து எதிர்ப்பின்னல் போட்டாத்தானே மேடு வரும்?”

“நேத்து ஊசி பிடிச்சவங்க எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்” என்றார் டீச்சர்.

கண்டக்டர் தன் போக்கில் பின்னினார். மேடும் பள்ளமுமாக அழகான தொப்பி வந்தது. டீச்சர் கொஞ்சமும் கூசாமல் அதை வாங்கி, தன் கைவேலை என்று கண்ணாடி அலமாரியில் வைத்தார். வகுப்பில் சேர வந்த ஒரு பெண் அதைப் பின்னிக் காட்டச் சொன்னபோது, டீச்சர் வீம்புக்கு அதே குறிப்பின்படி ஆறு சுற்றுப் பின்னினார். தரைபோல வழவழவென்றுதான் வந்தது.

அடுத்த வாரம் மற்ற ஏழு பேரும் பின்னல் கற்கக் கண்டக்டர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். “நான்தான் அங்க அனுப்பி வச்சேன்” என்று டீச்சர் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். கேட்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள்.