கறுப்பனுக்கு நேர்ந்த முடி

நாயின் முடியைச் சாமிக்கு நேர்ந்துகொண்டவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டும் இருக்கிறேன். அவள் பெயர் சின்னப்பாப்பா. நானும் அவளும் நோணாங்குப்பத்தில் ஒரே தெரு, காலையில் ஒரே பஸ். டவுனில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் சிலம்பரசன் சார் வீட்டில் எனக்குச் சமையல் வேலை, அவளுக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. அதற்கே இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தவளிடம் ஒரு நாயையும் ஒப்படைத்தார்கள்.

சார் பிரான்சிலிருந்து திரும்பியபோது கூட்டி வந்த நாய் அது. பின்லாந்துப் பக்கம் பனியில் மான் மேய்க்கிற ஜாதியாம், லாப்ஹண்ட் என்பார். கூரான சின்னக் காது, முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால், கம்பளியை இரண்டு மடிப்பாகப் போர்த்திய மாதிரி உடம்பு. பெயர் நுவார். பிரெஞ்சில் கறுப்பு என்று அர்த்தமாம். சின்னப்பாப்பா முதல் நாளே அதைக் கறுப்பன் ஆக்கிவிட்டாள். பனியில் ஓட வேண்டியதை இந்த வெயிலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, மாதத்தில் பாதி நாள் அவர் வெளியூர் போய்விடுவார். சம்பளம் தருகிறவரை என்ன சொல்வது?

வெயில் ஏறுவதற்குள் அதை நடக்கவைக்க வேண்டும். அதனால் நாய் வந்த பிறகு அவள் மட்டும் முதல் பஸ்ஸுக்கே ஓடுவாள். தினமும் சீப்புப் போட வேண்டும். மேலே நீள முடி, அதற்கடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி. கோடை வந்ததும் அந்த அடிமுடி கொத்துக்கொத்தாகக் கழன்று வீடெல்லாம் பறந்தது. என் ரசத்தில்கூட மிதந்தது. போதாததற்கு அந்த மேய்க்கிற புத்தி வேறு. நான் அடுக்களையில், அவள் மாடியில் என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தால் கறுப்பனுக்குப் பொறுக்காது. குரைத்துக்கொண்டே போய் அவள் கெண்டைக்காலை மூக்கால் முட்டி முட்டி அடுக்களைக்குத் தள்ளி வரும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது படுக்கும்.

"நம்மள மான்னு நெனச்சிக்கிச்சிடி" என்பாள்.

"எருமைன்னு நெனைக்காம உட்டுச்சே" என்பேன்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. சார் ஊரில் இல்லை. வீடு அவித்தது, நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைத்தது. "கடக்கரைக்குப் போனா காத்தாவது வரும்" என்று கூட்டிப் போனாள். நம் ஊர் புத்தி அதுதானே, புழுங்கினால் கடற்கரை. காற்று வந்தது, அனல் காற்று. கல் பாவிய தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. கறுப்பன் நாலடி தள்ளாடி விழுந்துவிட்டது.

அவள் போன் பண்ணியதும் நான் ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். நாயை மடியில் போட்டுக்கொண்டு வழியெல்லாம் கதறினாள். "அங்காளம்மா, இத்த எழுப்பிக் குடு தாயே! ஒடம்பு முடி பூரா ஒனக்கு எறக்கிடறேன்!"

கால்நடை டாக்டர் செம்மல் அதன் வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, ஊசி குத்தினார். சாயங்காலம் கறுப்பன் எழுந்து நின்றது. அவருடைய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு இவள் மெல்லக் கேட்டாள்: "மொட்ட அடிச்சிட்டா சூடு கொறையுமா டாக்டரே?"

"அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்கம்மா. அந்த முடிதான் அதுக்குக் குடையே. எடுத்துட்டா வெயில் நேரா தோல்ல எறங்கும். மறுபடி சரியா வளராமயும் போயிடலாம்."

அவள் முகம் செத்துப்போனது. எனக்குக் காரணம் தெரியும். அவள் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். ஒருமுறை நெஞ்சுவலியில் படுத்தபோது, அவர் பிழைத்தால் தன் முடியைத் தருவதாக இதே அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்தார். மகள் கல்யாணத்தில் மொட்டைத் தலையோடு நிற்பதா என்று இவள் தள்ளிப்போட்டாள். கல்யாணத்துக்கு முன்பே அவர் மறுபடி படுத்தார், எழுந்திருக்கவில்லை. இதயம் கெட்டுப்போனால் சாமி என்ன செய்யும் என்று நானும் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். "சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான்டி" என்பாள்.

இப்போது முடியை எடுத்தால் நாய் வெயிலில் வேகும். எடுக்காவிட்டால் ஆத்தா நாயையே எடுத்துக்கொள்வாள். இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தாள். சோறு இறங்கவில்லை. ஒருநாள் நாய்க்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். அதுவோ நம்பி மல்லாந்து கிடக்கிறது, வயிற்றைச் சொறியப்போகிறாள் என்று.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று கத்தினேன்.

கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். "முடியலடி பார்வதி. ரொம்ப அலுத்துப்போச்சி எனக்கு." அழுதுகொண்டே சீப்பை எடுத்து வாரத் தொடங்கினாள். வேறென்ன செய்வாள், அன்றைய வேலை அது. அடிமுடி கழன்று மடி நிறையக் குவிந்தது. கை நின்றது.

"இதுவும் கறுப்பன் முடிதான?"

"பின்ன, என் முடியா?"

அன்றிலிருந்து ஒரு மயிரைக்கூட என்னைப் பெருக்க விடவில்லை. வாரியதையெல்லாம் அரிசிச் சாக்கில் அடைத்தாள்.

ஆடி வெள்ளியன்று சாக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கோயிலுக்குப் போனோம். முடி இறக்கும் கண்ணையன் சாக்கைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தான். "கத்தி படாத முடி காணிக்கையாவுமாம்மா?"

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "வேண்டுனது முடி, வந்திருக்கறதும் முடி. ஆத்தா கத்தியையா கேட்டா? கொட்டும்மா நீ."

கொட்டினாள். அப்பாடா, விட்டது சனியன் என்று நான் செருப்பைத் தேடினேன். "வாக்கா, பஸ்ஸு போயிடும்."

"போவட்டும்." கண்ணையன் எதிரே மணையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். பாதி நரைத்த முடி தோளில் விழுந்தது.

"அதான் குடுத்தாச்சேக்கா! இன்னும் எதுக்கு?"

"அது கறுப்பனுக்கு. இது முருகையனுக்கு."

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் உயிரோடு இருந்த காலத்திலும் இல்லை. கண்ணையன் சிரிப்பை விட்டுவிட்டுக் கத்தியை நனைத்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமென்ன இதில்.

மறுநாள் மொட்டைத் தலையைப் பார்த்துக் கறுப்பன் குரைகுரையென்று குரைத்தது. பிறகு அவள் கையை மோந்தது. பின்னாலே போய்க் கெண்டைக்காலை முட்டி அடுக்களைக்குத் தள்ளி வந்தது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் குளிர்ந்த தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டது.

வெளியே போய் வந்ததில் வெயில் பட்டிருக்க வேண்டும். தலையைத் தடவிக்கொண்டு, "டாக்டரு சொன்னது சரிதான்டி" என்றாள். "நேராத்தான் எறங்குது."